தயங்குபவர் நல்ல வாடிக்கையாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லேப்டாப், செல்போன்களை ஆன்லைனில் விற்பது பற்றிய உங்கள் கட்டுரையில், ‘தயங்கும் ஆட்களிடம் நேரத்தை வீணாக்காதீர்கள்’ என்ற யோசனை இருந்தது. நல்ல நிலையில் உள்ள பொருளுக்கு அது சரி. பழுதான பொருளுக்கு அப்படியே தலைகீழ். பழுதைப் பார்த்துத் தயங்காதவர் யார்?

‘ஆன் ஆகவில்லை’ என்று மட்டும் விளம்பரம் போட்டால் வாங்குபவர் மதர்போர்டே போய்விட்டது என்றுதான் கணக்குப் போடுவார். சார்ஜர் செருகினால் விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்தால் படம் வருகிறதா என்று மூன்றையும் பார்த்து எழுதுங்கள். டிவியில் படம் வந்தால் பெரும்பாலும் கோளாறு டிஸ்ப்ளேயிலோ அதன் கேபிளிலோதான். இதை அரை நிமிட வீடியோவாக எடுத்துப் போட்டால், அது ஒன்றே பாதித் தயக்கத்தைப் போக்கும். தண்ணீர் பட்டதை மறைக்கவே கூடாது. இன்று ஓடும் போர்டு அரிப்பு ஏறி அடுத்த மாதம் நிற்கலாம்.

‘சின்ன ரிப்பேர்தான், ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அப்படியானால் நீங்களே ஏன் செய்யவில்லை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

விலையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஓடும் நிலையில் 18,000 ரூபாய் பெறும் லேப்டாப்புக்கு டிஸ்ப்ளே மாற்ற 5,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 13,000 கேட்டால் யாரும் வரமாட்டார்கள். அலைச்சலும், திறந்த பிறகு வேறு கோளாறு தெரியும் அபாயமும் வாங்குபவர் தலையில்தானே? 10,000 என்றால் பேச்சு நகரும். சுத்தமாக உயிரில்லாத லேப்டாப்புக்கு ரேம், எஸ்எஸ்டி, டிஸ்ப்ளே ஆகியவற்றின் ஸ்பேர் விலைதான் கணக்கு. எஸ்எஸ்டியில் உங்கள் கோப்புகள் இருந்தால் கழற்றிவிட்டு, ‘எஸ்எஸ்டி இல்லை’ என்று எழுதிவிடலாம்.

போனில் இன்னொரு பயம், திருட்டுப் பொருளோ என்பது. ‘கேஒய்எம்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, முடக்கப்பட்ட போனா என்று வாங்குபவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஆன் ஆகாத போனுக்கு அந்த எண் பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். ஐபோன் என்றால் ஐகிளவுட் தளத்துக்குள் போய் உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பழுது பார்த்தாலும் பூட்டு விழுந்தபடியேதான் இருக்கும்.

பேட்டரி உப்பியிருந்தால் கூரியரில் போடாதீர்கள். அழுத்தம் பட்டால் தீப்பிடிக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றி, மின்கழிவு சேகரிப்பில் சேர்த்துவிட்டு மற்றதை விற்கலாம்.

சந்தேகப்பட வேண்டியது எந்தக் கேள்வியும் கேட்காமல், கேட்ட விலைக்கே சம்மதித்து, ‘க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்யுங்கள்’ என்பவரைத்தான். யுபிஐயில் பணம் வாங்க நீங்கள் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

‘பார்த்துட்டுச் சொல்றேன்’ என்பவருக்கு இரண்டு நாள் கெடு கொடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் சிறு அட்வான்ஸ். நேரில் வந்து திறந்து பார்க்க விடுங்கள். கொடுக்கும்போது சீரியல் எண்ணையும், இன்னின்ன பழுது என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மின்னணுப் பொருள் பழுதுபார்ப்பவர்,
திருச்சி.