கடல் தாண்டி வந்த பிள்ளைகளுக்கு எங்கள் ஊரின் நன்றி

கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் தங்கி வேலை செய்த ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, கனடா நாட்டுப் பிள்ளைகளுக்கும், உங்களுக்கு இடம் கொடுத்துச் சோறு போட்ட எங்கள் வீட்டுப் பெண்களுக்கும், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக் கிராமத்து மகளிர் சுயஉதவிக் குழு எழுதும் நன்றி மடல் இது. நீங்கள் இருந்தபோது நட்ட நெட்டைத் தென்னைகள் பாளை விட்டுக் காய்க்கத் தொடங்கிவிட்டன. காய்த்தால் சொல்லச் சொன்னீர்கள். சொல்லிவிட்டோம்.

2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டிப் புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தென்னை, மா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் வர வாரக்கணக்கானது. முதலில் ஓடி வந்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கடன் என்றைக்கும் தீராது. ஆனால் லாரிகள் வருவது நின்று, கேமராக்களும் போன பிறகு ஒரு காலம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. அந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். வந்தவர்கள் கோடைவரை இருந்தீர்கள். ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துப் போனவர்களும் உண்டு. அவர்கள் மனசையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஊருக்குப் பயன்பட்டது தங்கி வேலை செய்தவர்களால்தான்.

விழுந்த மரத்தை அப்படியே போட்டுவைக்கக் கூடாது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு பெருகினால், புயலுக்குத் தப்பிய மரங்களின் குருத்தையும் குடைந்துவிடும். அதனால் அறுத்து அப்புறப்படுத்தியே ஆகவேண்டும். ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. நீங்கள் பாட்டுக்கு இறங்கி இலவசமாக மரம் அறுத்திருந்தால், எங்கள் கூலியாட்களின் பிழைப்பில் கைவைத்த மாதிரி ஆகியிருக்கும். நீங்கள் முதலில் கேட்டதே, “இந்த வேலைக்கு இங்கே யாராவது கூலி வாங்குவார்களா?” என்பதுதான். கூலி உள்ள வேலையை எங்கள் ஆட்களுக்கே விட்டுவிட்டு, உங்களுக்குள் காசு சேர்த்து மிஷின் ரம்பம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தீர்கள். வந்த முதல் நாளே அப்படிக் கேட்கத் தோன்றியதே, அது பெரிய குணம்.

தென்னை மரம் அறுத்தால் ரம்பம் சீக்கிரம் மழுங்கிவிடும். டவுனுக்குக் கொண்டுபோய்த் தீட்டி வருவதற்குள் அரை நாள் போய்விடும். ஜப்பான் தம்பி ஒரு வட்ட அரத்தை எடுத்து, சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில், ஒரே பக்கமாகத் தள்ளித் தீட்டிக் காட்டினான். இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. ஒரு பல்லில் எத்தனை தடவை தள்ளினாலும் அடுத்த பல்லிலும் அதே எண்ணிக்கைதான். பாஷை தெரியாது, விரல்விட்டுத்தான் எண்ணிக் காட்டினான். சுற்றி நின்று பார்த்த கீழத்தெருப் பையன்களில் ஒருவன் இன்றைக்கு ரம்பம், மருந்து தெளிக்கும் மிஷின், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். கடைக்குள் நுழைந்தால் அந்த அரம்தான் முதலில் கண்ணில் படும்.

அப்புறம் உப்பு. கடல் தண்ணீர் ஏறி வந்து எந்த அடிபம்பு கெட்டது, எது தப்பியது என்றே தெரியவில்லை. ஜெர்மனிப் பாப்பா கையடக்கமான உப்பு அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளோடு தெருத்தெருவாகப் போனாள். எந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பம்பு மேடையிலேயே பெயிண்டால் எழுதி வைத்தார்கள். வயல்களையும் அதே மாதிரி பார்த்தார்கள். பிறகு செய்த வைத்தியம் நம்முடையதுதான். மழைத் தண்ணீரைக் கட்டி வடிப்பது, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய நாகை வயல்களை மீட்க நம்மாழ்வார் ஐயா பாடுபட்டதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். எந்த வயலில் தொடங்குவது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதை அந்தக் கருவி சொன்னது. பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனாளே, இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

கனடாவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையை எங்கள் கிழவிகள் இன்னும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பேச்சுத் துணை அவள்தான். அவளோடு திரிந்த பிளஸ் டூ பெண்கள், வேற்று ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நின்றவர்கள், தாசில்தார் ஆபீசில் நேராகப் போய் மனுக் கொடுத்துப் பேசினார்கள். பெற்றவளாகச் சொல்கிறேன், அதில் என் மகளும் ஒருத்தி.

குளம் தூர்வார நீங்கள் மண்வெட்டியோடு இறங்கிய அன்று, “வெளிநாட்டுக்காரன் சேற்றில் நிற்கிறான், நாம் கரையில் நிற்பதா?” என்று எங்கள் ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஆற்றையும் வாய்க்காலையும் சீர்செய்யும் குடிமராமத்து நம் பாட்டன் காலத்து வழக்கம்தான். எங்கள் ஊரில் அது விட்டுப்போயிருந்தது. அந்தக் குளத்திலிருந்து திரும்பத் தொடங்கியது. இப்போது ஆண்டுதோறும், ஜூனில் மேட்டூர் திறப்பதற்கு முன்பே, எங்கள் வாய்க்காலை நாங்களே வெட்டிவிடுகிறோம். பிரான்சிலிருந்து வந்த தச்சு வேலை அண்ணன்தான் அன்று குளக்கரையில் பியேர் செரெசோல் கதையைச் சொன்னார். 1920-இல் வெர்தூன் பக்கம் போரில் அழிந்த கிராமத்தைச் சீராக்கப் பல நாட்டவரைச் சேர்த்துக்கொண்டு போன சுவிட்சர்லாந்துக்காரராம். 1934 பூகம்பத்துக்குப் பிறகு பீகாருக்கும் வந்து கிராமங்களைத் திரும்பக் கட்ட உதவியிருக்கிறார். முன்னே பின்னே தெரியாத ஊருக்காக மண் சுமக்கும் வழக்கம் உங்களோடு தொடங்கியதில்லை என்று அன்று தெரிந்துகொண்டோம்.

சாப்பாட்டுக்கு நீங்கள் தினமும் கொடுத்த பணத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. குழுவில் சேர்த்து அண்டா, குண்டான், பெரிய அடுப்பு வாங்கினோம். இன்றைக்குச் சுற்றுவட்டாரத்து வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் எங்கள் குழுதான் சமையல். காரம் குறைத்து வறுவல் செய்யப் பழகிய மேலத்தெரு அக்காவுக்கு இங்கே தனியாக நன்றி. தன் ஓட்டு வீட்டின் பாதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பனியில் திண்ணையில் படுத்த பெரியவருக்கும் நன்றி. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்கும் சி படிவத்தை அப்போது பதிய வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் தவறாமல் பதிந்து கொடுத்த இன்டர்நெட் கடைத் தம்பி எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

சம்பா அறுவடை தை மாதம். வருவதாக இருந்தால் கார்த்திகையிலேயே எழுதுங்கள், வீடு பார்த்து வைக்கிறோம். பாஸ்போர்ட், விசா நகலை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள், படிவம் பதிய வசதியாக இருக்கும். ஜப்பான் தம்பி அந்த அளவு வட்ட அரம் இரண்டு கொண்டு வந்தால் நல்லது, இங்கே கிடைப்பது சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.

இப்படிக்கு,
மகளிர் குழுவினர், ஊர் மக்கள் சார்பில்