பட்டேகியின் பாட்டுக்காரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஆப்பிரிக்க இசை பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நைஜீரியா என்றதும் ஃபெலா குட்டியும் கிங் சன்னி அடேயும் வந்தார்கள். சரி, வரவேண்டியவர்கள்தான். ஆனால் அந்த நாட்டின் நடுப்பகுதியில் வாழும் நுபே மக்களின் பாடகி ஃபாத்திமா லோலோவுக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மனசு ஆறவில்லை.

1980களில் தமிழ்நாட்டிலிருந்து நைஜீரியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்த ஊர் பிடா. பித்தளைப் பாத்திரத்துக்கும் கண்ணாடி மணிக்கும் பேர்போன நுபே தலைநகரம். ஒரு நாள் பக்கத்து வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். பெண்கள் சுரைக்குடுவைகளைக் கவிழ்த்துவைத்து, மோதிரம் போட்ட விரல்களால் தட்ட ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா பாடினார். அந்த வீட்டு முன்னோர் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூலையில் உட்கார்ந்திருந்த கிழவி, தன் தகப்பனார் பெயர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு நைரா நோட்டை எடுத்துப் பாடுகிறவரின் நெற்றியில் ஒட்டினார். அந்தக் கிழவியின் கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று சாயங்காலம்தான் என்னோடு வேலைபார்த்த நுபே ஆசிரியர், லோலோ அம்மாவின் கேசட் ஒன்றைக் கொடுத்தார். நைஜர் ஆற்றங்கரையில் உள்ள பட்டேகி அவருடைய ஊர். 1897இல் ராயல் நைஜர் கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் படை பிடாவைப் பிடித்தபிறகு, நுபேக்களின் பழைய அரச வம்சத்துக்குத் தனி ஆட்சி அமைந்த ஊர் அது. தங்கள் வரலாற்றைப் பாட்டாக வைத்திருந்தவர் என்றுதான் நுபேக்கள் அவரைச் சொல்வார்கள். அவருக்குக் கிடைத்த பட்டம் ‘சாகி நிங்பாசி’, பாடகர்களின் அரசி. சாகி என்பது அரச குடும்பத்துப் பெண்களின் தலைவிக்கு உரிய பட்டம். அதை ஒரு பாட்டுக்காரிக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் குரலுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

அவர் 1997இல் காலமானார். நாட்டுப்புறப் பாடகி என்று ஒரு சொல்லில் அவரை முடித்துவிடாமல், வரலாறு சொன்னவராகவே முழுப்பக்கம் எழுதுங்கள். நுபே தெரிந்தவர் யாரையாவது பிடித்துப் பாட்டின் பொருளையும் கேட்டுப் போடுங்கள். அந்தக் கேசட் என்னிடம் இன்னும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் நாடா சிக்கிவிட்டது, முதல் பக்கம் நன்றாகவே கேட்கிறது. எழுதுகிறவருக்கு வேண்டுமென்றால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
தஞ்சாவூர்