பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

"நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்." வீட்டுப் பெரியவர்களிடம் நாம் அன்பாகச் சொல்லும் இந்தப் பேச்சுதான் அவர்களை முடக்குகிறது. உட்கார்ந்தே இருந்தால் கால் வலு குறையும். அப்புறம் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடமாட்டம் இன்னும் சுருங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நடப்பதோடு நிற்காமல், சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளை வாரத்தில் 3 நாளாவது செய்யச் சொல்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, எதையாவது பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது போன்றவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. உடல் தொல்லை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, முடிந்த அளவு செய்யலாம்.

சரி, மனசுக்கு? தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் போவது போதாது. வீட்டுக்கு உண்மையிலேயே தேவையான ஒரு பொறுப்பு அவர்கள் கையில் இருக்கட்டும்: துணி மடிப்பது, செலவுக் கணக்கு எழுதுவது, செடிகளைக் கவனிப்பது. நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். அவர்கள் மடித்த துணியைப் பிரித்து நாம் மறுபடி மடிக்காமல் இருந்தால் போதும். கூடவே, வழுக்கும் தரைவிரிப்பை எடுத்துவிட்டு, குளியலறையில் கைப்பிடி பொருத்திக் கொடுங்கள், தைரியமாக நடமாடுவார்கள்.

– ஒரு வாசகர்