சிப்பாய் கையில் கிளாரினெட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பினாங்கில் பழைய பாணிப் போரியாவை (பாட்டும் ஆட்டமும் நாடகமும் கலந்த கலை) மேடையேற்ற நினைக்கும் பள்ளிகளுக்கும் கலைக்குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாயிடம் கிளாரினெட்டைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். பார்க்க எடுப்பாக இருந்தாலும் வரலாறு அப்படி இல்லை.

1840களில் இங்கு வந்த மதராஸ் 21ஆம் சுதேசிக் காலாட்படையோடுதான் போரியா பினாங்குக்கு வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முஹர்ரம் முதல் 10 நாள் படையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்களுக்கு விடுப்பு உண்டு. கூட்டமாகப் பாடிக்கொண்டு போவார்கள். அதை ஜாவி பெரானாக்கான்களும் (இந்திய, மலாய்க் கலப்பு முஸ்லிம்கள்) மலாய்க்காரர்களும் எடுத்து வளர்த்தார்கள். அந்தச் சிப்பாய்களின் நினைவாக இன்று மிஞ்சியிருப்பது பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் உள்ள சிப்பாய் லைன்ஸ் சாலையின் பெயர்தான்.

பேண்டு வாசித்தவர்களோ வேறு ஆட்கள். பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்களைப் படைப் பதவிகளிலிருந்து விலக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1795இல் பேண்டு, புல்லாங்குழல், முரசு, லாடம் அடிக்கும் வேலைகளை மட்டும் அவர்களுக்கு விட்டுவைத்தது. அதனால் யூரேஷியர்கள்தான் இந்த வேலைகளில் நிறைந்தார்கள். அதிகாரிகள் பொழுதுபோக்காக நாடகம் போடுவார்கள். பெண் வேடம் இளம் அதிகாரிகளுக்கு. காட்சி மாற்றும் இடைவெளியை நிரப்புவது பேண்டின் பொறுப்பு. உங்கள் நாடகத்திலும் பேண்டை அந்த இடைவெளியில் வையுங்கள்.

என்ன வாசிப்பது என்று தேடி அலைய வேண்டாம். சென்னைக் கோட்டை பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சங்கராபரணத்தில் அமைந்த அந்த நொட்டு ஸ்வரங்கள் ஏறக்குறைய நாற்பது கிடைக்கின்றன. கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) இல்லாத நேர் ஸ்வரங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிது. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டேதான்.

இனி முக்கியமான சங்கதி, சுருதி. பிரிட்டிஷ் பட்டாள பேண்டுகள் 1920களின் இறுதிவரை A ஸ்வரத்தை 452 ஹெர்ட்ஸில் வைத்திருந்தன. இன்றைய கீபோர்டு 440. வித்தியாசம் 47 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), அதாவது கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி. பழைய கிளாரினெட் வாங்குமுன் அதில் 'எச்.பி.' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உயர் சுருதிக் கருவி. இன்றைய கிளாரினெட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாக இருக்கும். வாய்ப்பகுதிக்குக் கீழே உள்ள பீப்பாயை வெளியே இழுத்து இதைச் சரிக்கட்ட முடியாது. மேலே உள்ள துளைகளின் ஸ்வரங்கள் அளவுக்கு மீறி இறங்கிவிடும், கீழ் ஸ்வரங்கள் அந்த அளவுக்கு இறங்காது. கீபோர்டின் சுருதியை 452க்கு ஏற்றி, வயலினையும் அதற்குச் சேர்த்துக்கொள்வதே வழி. ஆர்மோனியத்தை ஒதுக்கிவிடுங்கள், அதன் ரீடு நீங்கள் சொன்னபடி கேட்காது.

டிரம்பெட் போன்ற பித்தளைக் குழலான கார்னெட்டில் தப்பிக்கலாம். முக்கிய சுருதிக் குழாயை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இழுங்கள். பலர் அதோடு நிறுத்திவிட்டு, வால்வு அமுக்கும் ஸ்வரங்கள் மட்டும் ஏன் கூடுகின்றன என்று குழம்புகிறார்கள். வால்வுக் குழாய்களையும் இழுக்க வேண்டும். இரண்டாவதற்கு 1 மில்லிமீட்டர், முதலாவதற்கு 2 முதல் 3, மூன்றாவதற்கு 3 முதல் 4. களிம்பேறி இறுகிய குழாயை இடுக்கி போட்டுத் திருகினால் பற்றவைத்த மூட்டு விட்டுப்போகும். எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் வையுங்கள். குழலுக்குள் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். அதே நேரம் கைமுரசான ரெபானாவின் ஆட்டுத்தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். தோலுக்கும் கட்டைக்கும் இடையில் பிரம்பு வளையத்தைச் செருகி இறுக்குங்கள். அல்லது தணலுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுற்றிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். ஒரே இடத்தில் சூடேறினால் தோல் கிழியும். காய்ச்சிய இறுக்கம் வெகுநேரம் நிற்காது, ஆகவே இரண்டாவது ரெபானா ஒன்று தயாராக இருக்கட்டும்.

எல்லாரும் சேர்ந்து சுருதி பார்ப்பதை ஏர்கோன் அறையில் செய்யாதீர்கள். மேடைக்குப் பின்னால், குழல்களை ஐந்து நிமிடமாவது ஊதிச் சூடாக்கிய பிறகு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாத்தியங்களைப் பழுதுபார்ப்போர் சிலர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு