போனில் காணாமல் போன குரல்

தக்கலை,
ஞாயிறு இரவு.

மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு மழையைச் சாக்குச் சொல்லலாம். உண்மையில் வெட்கம்தான். ஒரு லைவ் வேலையில் மானம் போனது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கடற்கரை ஊர் ஒன்றில் சர்ச் திருவிழா. மூன்று கேமரா, அவற்றின் படத்தை மாற்றி மாற்றி லைவில் அனுப்பும் நம்ம ஸ்விட்சர் பெட்டி ஏடெம் மினி. வளைகுடாவில் வேலைக்குப் போன பிள்ளைகள் பார்க்கத்தான் அந்த லைவே. மைக் செட் அண்ணனின் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் வாங்கி, ஸ்விட்சரின் முதல் மைக் ஜாக்கில் செருகி, லைன் லெவலுக்கு, அதாவது மைக்கைவிடப் பலமான சிக்னலுக்கான அமைப்புக்கு, மாற்றினேன். மீட்டரில் இடதும் வலதும் ஒரே சீராக ஆடின. ஹெட்போனில் பாதர் குரல் தலைக்குப் பின்னாலிருந்து வருவது போல இருந்தது. ஹெட்போன் பழசு, அதான் என்று விட்டுவிட்டேன்.

பத்தாவது நிமிடம் குவைத்திலிருந்து போன். “அண்ணா, மேளம் நல்லா கேக்குது. பாதர் வாய் மட்டும்தான் அசையுது!”

கேமரா மைக் குரலை அமுக்குகிறது என்று நினைத்தேன். ஒன்றாவது கேமரா ஏஎஃப்வி-யில் கிடந்தது, அதாவது அந்தப் படம் திரைக்கு வந்தால் அதன் ஒலியும் கூடவே திறக்கும். சர்ச் வேலைக்கு அது ஆகவே ஆகாது, ஷாட் மாறும்போதெல்லாம் ஒலியும் மாறும். எல்லாக் கேமரா ஒலியையும் ஆஃப் செய்துவிட்டு, என் போனில் லைவைத் திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மீட்டர் மட்டும் துள்ளிக்கொண்டிருக்கிறது!

அப்போதுதான் உறைத்தது. மிக்ஸர் தருவது பேலன்ஸ்டு அவுட். ஒரே குரல் இரண்டு கம்பியில் வரும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வாங்கும் பக்கம் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வழியில் ஒட்டிய இரைச்சல் போய்விடும். ஸ்விட்சரின் 3.5 மி.மீ. ஜாக்குக்கு அந்தக் கணக்குக் கிடையாது, இடது வலது என்று ஸ்டீரியோவாக எடுத்துக்கொள்ளும். ஹெட்போனில் இடது ஒரு காதிலும் வலது மறு காதிலும் தனித்தனியாகக் கேட்டால் குரல் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் போன் இரண்டையும் கூட்டும், நேரும் தலைகீழும் சேர்ந்து பூஜ்யம். கேமரா மைக்கில் வந்த மேளத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது தப்பித்துவிட்டது.

ஸ்விட்சரின் ஒலியைச் சரிசெய்யும் ஃபேர்லைட் மிக்ஸர் பக்கத்தில் பேலன்ஸ் குமிழை முழுக்க இடது பக்கம் திருப்பி, தலைகீழாக வந்த வலதை அடைத்தேன். வந்தது குரல், பிரசங்கம் பாதி முடிந்த பிறகு.

இன்னொன்று, குரல் உதட்டை முந்தியது. கேமரா படத்தைத் தயார் செய்து அனுப்ப நேரம் எடுக்கும், ஒயரில் வரும் குரல் காத்திருக்காது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். கைதட்டிப் பார்த்து குரலுக்கு மூன்று ஃபிரேம் டிலே வைத்தேன், சரியாக உட்கார்ந்தது.

இப்போது லைவைச் சோதித்துப் பார்க்க, ஒற்றை ஸ்பீக்கர் உள்ள அம்மாவின் பழைய போன் என் பையில்தான் இருக்கிறது. “லைவ் இல்லாத நாளாவது திருப்பித் தா” என்கிறாள்.

சரியான ஒயர் நானே பற்றவைத்தேன். மிக்ஸர் பக்கத்து மூன்று பின் பிளக்கான எக்ஸ்எல்ஆரில், நேர்க் குரல் வரும் இரண்டாம் பின்னை 3.5 மி.மீ. பிளக்கின் டிப் (இடது), ரிங் (வலது) இரண்டிலும் சேர்த்து, தலைகீழ் வரும் மூன்றாவதைச் சும்மா விட்டேன். உன் கை சுத்தம் எனக்கு வராது, ஆட்டினால் கரகரக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் சால்டரிங் அயர்னை எடுத்து வா. மரச்சீனியும் மீன்குழம்பும் என் பொறுப்பு.

உன் சேக்காளி