சன்னிவேலிலிருந்து அப்பச்சிக்கு

சிவமயம்

சன்னிவேல், கலிபோர்னியா
ஆவணி மாதம்

அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும்,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பத்தாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். போனில் பேசினால் சாப்பாடு, சளி, பள்ளிக்கூடம் என்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. இது கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டிய விஷயம்.

அப்பத்தா போன மாதம், "அங்க சுத்திப் பாக்க என்னதான்டா இருக்கு, கோயில் குளம் உண்டா?" என்று கேட்டார்கள். கோயில் உண்டு. லிவர்மோரில் சிவனும் பெருமாளும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். 1986இல் குடமுழுக்கு ஆன கோயில். அது போக, இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் பெருமை என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது மலையோ மாளிகையோ இல்லை. ஒரு கார் ஷெட், ஒரு தெருவோரப் பலகை, ஒரு தண்ணீர்த் தொட்டி. சனி, ஞாயிறுகளில் இவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து ஊரான பாலோ ஆல்டோவில் அடிசன் அவென்யூ என்று மரம் அடர்ந்த தெரு ஒன்று இருக்கிறது. அதில் 367ஆம் எண் வீட்டின் பின்னால் அந்தக் கார் ஷெட் தெரியும். பன்னிரண்டடிக்குப் பதினெட்டடி. நம் வளவுக்குள் அது போல நாலைந்து வைத்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டில் ஒன்றாகப் படித்த ஹியூலெட், பேக்கார்டு என்ற இரண்டு பேர் 1938இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். பேக்கார்டும் மனைவியும் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். கல்யாணம் ஆகாத ஹியூலெட்டுக்குக் கொல்லைப்புறத்துச் சின்னக் கொட்டகைதான் படுக்கை. முதலீடு 538 டாலர். மறு வருடம் கூட்டு எழுதும்போது யார் பெயர் முன்னால் என்று காசைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். முதல் சரக்கு, ஒலி அலைகளை உண்டாக்கிச் சோதிக்கும் ஒரு கருவி. வால்ட் டிஸ்னி தன் படத்தின் ஒலி வேலைக்காக எட்டு வாங்கினார். அங்கிருந்துதான் ஹெச்பி வளர்ந்தது. நம் பஞ்சாயத்து ஆபீஸில் இருக்கும் பிரிண்டர் அந்தக் கம்பெனியுடையது.

1989இல் மாநில அரசு அந்த இடத்துக்கு 'சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம்' என்று பலகை வைத்தது. 2000இல் கம்பெனியே அந்த வீட்டை வாங்கிப் பழைய நிலைக்குப் பழுது பார்த்தது. உள்ளே யாரையும் விடுவதில்லை, நடைபாதையில் நின்றுதான் பார்க்கவேண்டும். பலகைச் சுவரும் மரக் கதவுமாக, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஷெட் அது. அதைக் காப்பாற்றவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றி, மற்றவர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்களே, அதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை.

எல்லாவற்றையும் இவர்கள் காப்பாற்றிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். மவுண்டன் வியூவில் சான் அன்டோனியோ ரோட்டில் 391ஆம் எண் இன்னும் பெரிய இடம். டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு வாங்கிய ஷாக்லி 1956இல் அங்கேதான் ஆய்வுக்கூடம் வைத்தார். இவ்வளவு தூரம் மேற்கே வந்ததற்கு ஒரு காரணம், அவருடைய தாயார் பாலோ ஆல்டோவில் இருந்ததுதான். சிலிக்கானில் டிரான்சிஸ்டர் செய்யும் வேலை இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது அப்படித்தான். மறு வருடமே அவரோடு ஒத்துப்போகாமல் எட்டுப் பேர் பிரிந்துபோய் ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் இருவர் 1968இல் மறுபடி பிரிந்து ஆரம்பித்ததுதான் இன்டெல். ஷாக்லியின் கட்டடம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். நடைபாதையில் டிரான்சிஸ்டர், டயோடு உருவங்களைப் பெரிதாகச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

எங்கள் சன்னிவேலின் கதையும் அதுதான். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் பழத்தோட்டம். ஆப்ரிகாட், பிளம்ஸ், செர்ரி. பூக்கும் காலத்தில் அதைப் பார்க்க ஆட்கள் வருவார்களாம். பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக இருந்தன. லிபி என்ற ஆலையின் தண்ணீர்த் தொட்டி மட்டும் இன்றும் உயரத்தில் நிற்கிறது, பழக்கலவை டப்பாவைப் போலவே வர்ணம் அடித்து. பழைய தோட்டங்களில் பத்து ஏக்கர் ஆப்ரிகாட்டை மட்டும் நகராட்சி விட்டு வைத்திருக்கிறது. பக்கத்திலேயே ஊர் வரலாற்றுக்கு ஒரு சிறு அருங்காட்சியகம். வாசலில் இருந்த வயதான அம்மா, பள்ளி விடுமுறையில் பழம் நறுக்கிக் கூலி வாங்கியதை என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மரங்களை வெட்டித்தான் நான் வேலை பார்க்கும் கட்டடங்கள் எழுந்தன. நான் அந்த வேலையை விரும்பித்தான் செய்கிறேன். இருந்தாலும் பங்குனி வாக்கில் அந்தப் பத்து ஏக்கரும் வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது, போனதன் அளவு நன்றாகத் தெரிகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் சொல்லவேண்டும். ஒரே மகன் பதினைந்து வயதில் டைபாய்டில் இறந்துபோக, அவன் நினைவாகப் பெற்றோர் தங்கள் பண்ணை நிலத்தில் கட்டியது; 1891இல் திறந்தார்கள். அதன் வளைவுகளுக்குக் கீழே நடக்கும்போதெல்லாம் எனக்கு நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் நினைவுதான். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தாரே! 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது அந்தச் சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தம்பி பிள்ளைகளையாவது ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள்.

இனி, உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் இடத்தைச் சொல்கிறேன். மவுண்டன் வியூவில் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம். தொடக்கமே மணிச்சட்டத்தில்தான். அப்புறம் 1890ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கை அட்டையில் துளை போட்டு எண்ணிய இயந்திரம், இரண்டாம் உலகப்போர்க் காலத்து இயந்திரங்கள் என்று நீண்டுகொண்டே போகிறது. தனியாக ஒரு கூடத்தில் ஐபிஎம் 1401 என்ற கம்ப்யூட்டரை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். 1959இல் அறிவித்தது, பத்தாயிரத்துக்கும் மேல் தயாரானது. ராக்கெட் விடுவதற்காகச் செய்ததில்லை. சம்பளப் பட்டியல், பற்று வரவு, சரக்கு இருப்பு, இதற்குத்தான். கணக்குப்பிள்ளை செய்யும் வேலை. அதன் பிரிண்டர் நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும். அந்தச் சத்தத்தில் பேச முடியாது.

அங்கே இரண்டு 1401 இருக்கின்றன. ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. இன்னொன்று கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் கிடந்தது; வீட்டுக்காரர்கள் அதை வைத்து வெளியாட்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர்கள். துருவேறிய அந்த இயந்திரங்களை ஓய்வு பெற்ற பொறியாளர்கள் சம்பளம் வாங்காமல் வருடக்கணக்காக உட்கார்ந்து உயிர்ப்பித்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் ஐயா பின்னங்களையெல்லாம் மனதிலேயே கூட்டுவார், அரைக்கால், மாகாணி, அரைமா என்று இறங்கி முந்திரி வரைக்கும் பெயர் உண்டு, முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து எழுதிக்கொண்டு, "அப்படி எழுதிய கணக்குப் புத்தகங்கள் இப்போது எங்கே?" என்று கேட்டார். வீட்டில் இருக்கின்றன என்றேன். பத்திரமாகவா என்றார். அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

பிள்ளையார் நோன்பு எப்படிக் கொண்டாடினோம் என்று ஆத்தா கேட்டது நினைவிருக்கிறது. மார்கழியில் இந்தப் பக்கத்து நகரத்தார் குடும்பங்கள் ஒரு வாடகை மண்டபத்தில் கூடினோம். மண்டபத்துக்குள் நெருப்பு கூடாது என்பதால், வாசலில் குளிரில் நின்றுதான் இழை எடுத்துக்கொண்டோம். ஆவாரம்பூ யாரோ ஊரிலிருந்து காயவைத்துக் கொண்டுவந்தது. இருபத்தொரு இழைத் திரியும், புது வேட்டியில் எடுத்த நூலும், மாவும் நெய்யும் எல்லாம் முறைப்படி. இருந்தவர்களில் மூத்த ஆச்சி ஒவ்வொருவருக்காக எடுத்துக் கொடுத்தார்கள். சுடரோடு வாயில் போட என் மகள் முதலில் பயந்தாள். அப்புறம் அவளே வரிசையில் அடுத்த பிள்ளைக்குத் தைரியம் சொன்னாள்.

ஜூலை மாதம் சான் ஹோசேயில் ஜப்பான்காரர்கள் வாழும் பகுதியில் ஓபோன் திருவிழா. இறந்துபோன முன்னோரை நினைத்துக் கொண்டாடுவது. நம் படைப்புதான், அழுகை இல்லாமல் ஆட்டத்தோடு. தெருவை அடைத்துவிட்டு, பெரிய மத்தளம் முழங்க, நூற்றுக்கணக்கானவர்கள் வரிசை வரிசையாக நின்று ஒரே அசைவில் ஆடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். நாங்களும் சேர்ந்தோம். பக்கத்தில் ஆடிய பாட்டியம்மா கையை எப்படித் திருப்புவது என்று என் மனைவிக்குக் காட்டிக்கொண்டே வந்தார்கள்.

அந்த மக்களின் கதையை அங்கேதான் விவரமாகக் கேட்டேன். ஜப்பானோடு போர் வந்ததும், 1942 பிப்ரவரியில் அமெரிக்க அரசு போட்ட உத்தரவால், இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். சான் ஹோசேயில் அவர்களைப் பதிவு செய்த கல்லூரி உடற்பயிற்சிக் கூடம் இன்றும் இருக்கிறது. அப்பச்சி, அதற்கு அடுத்த மாதம் மார்ச்சில்தானே ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்தது? பாட்டையா அங்கே நம் தொழில் நடந்த மொகல் தெருக் கிட்டங்கியை விட்டு வெளியேறி, காடும் மலையும் நடந்து வந்ததும் அந்த வருடம்தானே? ஒரே போரில், ஜப்பான் படைக்குப் பயந்து ஓடியவரின் பேரன்பிள்ளை நான். ஜப்பான் முகம் இருந்ததற்காகவே அடைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளோடு ஒரே தெருவில் ஆடினேன். அன்றைக்கு இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் கட்டு அறையை ஒழித்து, பர்மா கணக்குகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதாகப் பங்காளிகள் பேசி முடித்திருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். தயவுசெய்து நிறுத்துங்கள். பாட்டையா கையில் எதுவும் எடுத்துவராமல் வந்தாலும், ஏஜண்டுகள் ஊருக்கு அனுப்பிய பேரேடுகளும் ஐந்தொகைகளும் அந்த அறையில் இருக்கின்றன. கடை இருந்த ஊர், வட்டி, கடன் வாங்கியவர் பெயர், ஈடு வைத்த நிலம் எல்லாம் அதில் இருக்கும். நமக்குப் பெருமையானது மட்டும் இருக்காது. நெல் விலை விழுந்த முப்பதுகளில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக ஏறியது. அதில் பெரும்பகுதி யாரோ ஒரு பர்மியக் குடியானவர் இழந்தது. அதுவும் நம் கணக்கில் எழுதியிருக்கும். அதனாலேயே அது அழியக்கூடாது என்று நினைக்கிறேன்.

தூண்களும் கதவுகளும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால்கூட எங்காவது ஒரு ஹோட்டலில் நிற்கும். பேரேடு பொட்டலம் கட்டத்தான் போகும். பக்கத்து ஊர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், ஒற்றை ஆளாகப் பழைய புத்தகங்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. நம் கணக்குகளையும் அங்கே காட்டிக் கேட்கலாம். பங்காளிகள் சம்மதித்தால் கடிதம் நான் எழுதுகிறேன், செலவும் என்னுடையது.

அதுவரை செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஈரத்துணியால் துடைக்கவேண்டாம், வெயிலில் பரப்பவும் வேண்டாம். தரையிலிருந்து எடுத்துப் பலகை மேல் அடுக்கி, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, இடையில் வசம்பு போட்டு வையுங்கள். ஒவ்வொரு கட்டிலும் முதல் பக்கத்தைத் தம்பி மகன் போனில் படம் எடுத்து அனுப்பட்டும். ஊரும் வருடமும் தெரிந்தால் போதும், நான் இங்கே பட்டியல் போட ஆரம்பித்துவிடுவேன். கையெழுத்து புரியாத இடத்தில் உங்களைத்தான் கேட்கவேண்டியிருக்கும்.

தை மாதம் வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பங்காளிகளிடம் நானே நேரில் பேசுகிறேன். அதுவரை அந்த அறைச் சாவியை அப்பத்தா யாரிடமும் கொடுக்கவேண்டாம்.

இப்படிக்கு
உங்கள் மகன்