30 டாலரில் 25

ஆஸ்டின், டெக்சாஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியை வாங்கித் தரச் சொல்லுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

போன வாரம் வீடியோவில் எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிக் காட்டச் சொன்னீர்களே, அது 'தொப்'பென்றதும் "அட்டைப்பெட்டிக்குள்ளயா குடியிருக்கே?" என்று சிரித்தீர்களே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. எட்டுப் போட்டோவைப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் காட்டினால் கண்ணாடியைத் தேடுவதற்குள் லைன் போய்விடும்.

நேற்று பாஸ்ட்ரப் பூங்காவுக்குப் போனோம். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் நினைக்காதீர்கள். பைன் மரக் காடு. இந்த மரங்களின் பெருங்கூட்டம் நூறு மைலுக்கும் மேலே கிழக்கே இருக்கிறது, இவை மட்டும் இங்கே தனியாக நிற்கின்றன. அதனால் 'லாஸ்ட் பைன்ஸ்', தொலைந்துபோன பைன்கள் என்று பெயர்.

உள்ளே நுழையும்போதே இரண்டு பக்கமும் கல் தூண்கள். அப்புறம் குடில்கள், பெரிய சாப்பாட்டுக்கூடம், தண்ணீர் குடிக்கிற இடம், சாலைக்கு அடியில் ஓடை போகிற மதகு, எல்லாமே கல். நம் கருங்கல் இல்லை, செம்பழுப்பு மணற்கல். கார் சாவியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று சொல்லவில்லை, 'டொக்' என்றது. நீங்கள் இருந்திருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பீர்கள். ஆனாலும் ஒரு குடிலின் சுவரில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றேன். அடியில் ஆட்டுக்குட்டி அளவுக்குக் கற்கள், மேலே போகப் போகச் சிறிது. கலவை வெளியே தெரியவில்லை. சந்தில் விரல் நகம் உள்ளே போகிற ஆழத்துக்குச் சுரண்டி விட்டிருக்கிறார்கள். வெறும் கல்லை அடுக்கி வைத்த மாதிரி, பாறையே கொஞ்சம் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மரத்துக்குப் பின்னால் இருக்கிற குடில் பத்தடி பக்கத்தில் போகும்வரை என் கண்ணில் படவே இல்லை.

அதுதான் இந்தப் பூங்காவைக் கட்டியவர்கள் போட்ட திட்டமாம். காட்டில் கட்டினால் காட்டின் கல்லிலும் மரத்திலும் கட்ட வேண்டும், கட்டடம் காட்டை விட உயர்ந்து பேசக்கூடாது. இங்கே வரைபடம் போட்டவர் ஆர்தர் ஃபேர் என்ற ஆஸ்டின்காரர். தேசியப் பூங்காத் துறை 1935ல் மாதிரிக் கட்டடங்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டது. தொகுத்தவர் ஆல்பர்ட் குட். அதில் குடிநீர்க் குழாய், கழிப்பறை, குப்பை எரிக்கிற அடுப்பு எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. குப்பை அடுப்பை எப்படி அழகாகக் கட்டுவது என்று யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்! நம் பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸ் ஞாபகம் வந்தது. சரி, அதை விடுவோம்.

யார் கட்டினார்கள் என்பதுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. 1933ல் இந்த நாட்டில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ரூஸ்வெல்ட் அந்த வருடம் ஜனாதிபதியாக வந்ததும் வேலையில்லாத பையன்களைச் சேர்த்து ஒரு படை ஆரம்பித்தார். சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சி.சி.சி. என்பார்கள். காட்டைக் காக்கிற படை என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதிலிருந்து 25க்குள், கல்யாணம் ஆகாத, குடும்பம் கஷ்டப்படுகிற பையன்கள். சாப்பாடு, துணி, படுக்கை முகாமிலேயே. சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் பையன் கைக்கே வராது, நேராக வீட்டுக்குப் போய்விடும். மிச்சம் 5 டாலர்தான் அவனுக்கு.

இதைப் படித்துவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டட வேலைக்குப் போன வருடங்களில் சனிக்கிழமைக் கூலியை மடித்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவீர்களே, ஒரு தடவை அந்தத் தாளில் "டீக்கு 20 ரூபா எடுத்துக்கிட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறாள்.

பாஸ்ட்ரப்புக்கு இப்படி இரண்டு அணிகள் வந்தன. 1933 கடைசியிலிருந்து 1939 வரை வேலை நடந்திருக்கிறது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உளியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அதனால் இந்த மாதிரி முகாம்களில் உள்ளூர்க் கொத்தனார், ஆசாரி எல்லோரையும் கூலிக்கு வைத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள். ஆள் நிறைய, கையில் காசு கம்மி, கல் பக்கத்திலேயே கிடக்கிறது. இயந்திரத்தால் சீக்கிரம் முடிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. மரவேலைக்கூடம் ஒன்றும் இங்கே இருந்தது. அதில் செய்த மேசை நாற்காலிகள் டெக்சாஸின் மற்ற பூங்காக்களுக்கும் போயின. 1942ல் படையைக் கலைக்கும்போது நாடு முழுக்க ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் வேலை பார்த்து முடித்திருந்தார்கள்.

எல்லாம் நல்லதாகவே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கறுப்புப் பையன்களை 1935லிருந்து தனி முகாமில்தான் வைத்தார்கள். பெண்களுக்கு இந்தப் படையில் இடமே கிடையாது. நம் அம்மா ஏழாம் மாத வயிற்றோடு சாந்துச்சட்டி சுமந்த கதையை இவர்களுக்கு யார் சொல்வது?

2011 செப்டம்பரில் இந்தக் காடு எரிந்தது. மழையே இல்லாத கோடை, கூடவே புயல் காற்று. மின்கம்பியில் மரம் மோதிப் பற்றிக்கொண்டதாம். சுற்றுவட்டாரத்தில் 1,600 வீடுகளுக்கு மேல் போயின. எல்லாம் நம் வீடு மாதிரி அட்டைப்பெட்டிதான் என்று உங்கள் மாப்பிள்ளை முணுமுணுத்தார். பூங்காவில் நூற்றுக்கு 96 பங்கு நெருப்பு பட்டிருக்கிறது. ஆனால் குடில்களும் சாப்பாட்டுக்கூடமும் தப்பின. கல் என்பதால் மட்டும் இல்லை, கூரை மரம்தானே. தீயணைப்பு ஆட்கள் ராத்திரி பகலாக நின்று அவற்றைக் காத்தார்கள். இன்றைக்கும் சில இடங்களில் கரிந்த மரம் நிற்கிறது, அதன் காலடியில் உங்கள் பேரன் உயரத்துக்கு இளம் பைன்கள்.

பேரன் மதகுக்குள் குனிந்து 'ஊ' என்று கத்திப் பார்த்தான். எதிரொலி வந்தது. "தாத்தா கட்டினதா?" என்று கேட்டான். கல் என்று எதைப் பார்த்தாலும் அவனுக்கு அது நீங்கள் கட்டியதுதான். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏழாவது போட்டோவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குடிலின் இடது மூலை, கீழிருந்து நாலாவது கல். மற்றதெல்லாம் படுக்கையாக இருக்க, அது மட்டும் செங்குத்தாக நிற்கிறது. அதன் முகத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்திருக்கிறது. விரலால் தொட்டால் மணல் உதிர்கிறது. பக்கத்துக் கல் எதுவும் அப்படி இல்லை. கல்லைப் பாறையில் அது படுத்திருந்தபடியே சுவரிலும் வைக்க வேண்டும் என்று நீங்கள் சித்தப்பாவைத் திட்டியது ஞாபகம் இருக்கிறது. இது தெரியாத பையன் வைத்ததா, இல்லை மூலைக்கு வேறு கல் கிடைக்காமல் தெரிந்தே வைத்ததா? பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள். அடுத்த தடவை அங்கே போகும்போது வேறு எந்தச் சுவரைப் படம் எடுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

மாதப் பணம் வெள்ளிக்கிழமை போட்டுவிட்டேன்.

அன்பு மகள்,
செல்வி